அத்தியாயம் 7: அயலில் ஒரு தண்ணீர்த் திடல்

ரொறன்ரோவில் சின்னப் பிள்ளைகளோடு கோடையைக் கடத்துகிறவர்களுக்கு, நூலகத்துக்கு அடுத்தபடியாக மாநகரம் செய்துவைத்திருக்கும் பெரிய உபகாரம் ஸ்பிளாஷ் பாட் எனும் தண்ணீர்த் திடல். நகரெங்கும் 140க்கு மேல் இருக்கின்றன. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, வாசலில் நின்று எந்த ஊர் என்று கேட்க ஆளும் இல்லை. மே மாதக் கடைசி வாக்கில் தண்ணீரைத் திறப்பார்கள், செப்டெம்பர் நடுவில் மூடுவார்கள். இடைப்பட்ட காலத்தில் வழக்கமாக நாள்தோறும் காலை 9 மணியிலிருந்து இரவு 8.30 வரை தண்ணீர் வரும். குளிரூட்டி இல்லாத பழைய அடுக்குமாடியில் பத்தாம் தளத்தில் இரண்டு பிள்ளைகளோடு ஜூலை மாதம் அடைபட்டுக் கிடப்பவருக்கு இதன் அருமையை யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் நம்மவர் பலர் இதை வருடத்துக்கு ஒரு தடவை போகும் சுற்றுலாவாக்கி விடுகிறார்கள். மூன்று குடும்பம், நாலு கார், குளிர்பெட்டி நிறைய ரோல்ஸும் சோடாவும், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பயணம். போய்ச் சேர்ந்தால் வாகனம் நிறுத்த இடமில்லை, நிழல் எல்லாம் வேறு யாரோ பிடித்தாயிற்று. பெரியவர்கள் பாயை விரித்து முடிக்கும்போது பிள்ளைகள் குளிரில் பல்லுக்கிட்டி நிற்பார்கள். பிறகு நாலு மணிநேரம் பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டும்.

ஊரில் கிணற்றடிக்குப் போக யாரும் திட்டம் போட்டதில்லை. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு போனோம், குளித்தோம், வந்தோம். ஸ்பிளாஷ் பாட்டையும் அப்படித்தான் பாவிக்க வேண்டும். கிட்ட இருப்பதற்குப் போங்கள், கொஞ்ச நேரம் நில்லுங்கள், அடிக்கடி போங்கள். இந்த அத்தியாயத்தில் மற்றதெல்லாம் அதைச் சுலபமாக்கும் வழிகள்தான்.

எந்தத் திடல்

மாநகர இணையத்தளத்தில் ஸ்பிளாஷ் பாட்களின் பட்டியல் இருக்கிறது. திருத்த வேலைக்காக மூடியவற்றையும் அதில் குறிப்பார்கள். பட்டியலைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் இல்லாமல் ஒரு மாலை நடையாகப் போய் இடத்தை நேரில் பாருங்கள். எத்தனை விசிறி, எத்தனை வாளி, என்ன நிறம் என்பதெல்லாம் பிள்ளைக்கு இரண்டாம் நாளே பழகிவிடும். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது நிழல். திடலின் மேல் நிழல் இருக்காது. மரத்துக்குக் கீழே நீர்முனைகளைப் பொருத்தினால் இலை விழுந்து வடிகால் அடைக்கும் என்பதால் பெரும்பாலும் வெட்டவெளியில்தான் அமைப்பார்கள். ஆனால் நீங்கள் உட்காரும் இடத்தில் நிழல் வேண்டும். அந்த நிழலில் இருந்தபடி திடல் முழுவதும் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். நிழல் ஒரு பக்கம் திடல் ஒரு பக்கமாக இருக்கும் பூங்காவில் நீங்கள் இருபது நிமிடத்தில் களைத்துவிடுவீர்கள்.

இரண்டாவது கழிவறை. பூங்காக் கழிவறைகளில் பல கோடையில் மட்டும் திறப்பவை. கட்டடம் இருக்கிறது என்பதற்காகக் கதவு திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். டயப்பரை விட்டுப் புதிதாகப் பழகும் பிள்ளைக்குக் குளிர்ந்த தண்ணீரில் கால் பட்டதும் சிறுநீர் வரும். கழிவறை தூரமென்றால் வீட்டிலிருந்து புறப்படும்போது ஒரு தடவை, திடலுக்குள் இறங்குமுன் ஒரு தடவை கூட்டிப் போய்விடுங்கள்.

மூன்றாவது, திடலைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது. நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஸ்பிளாஷ் பாட்டில் தண்ணீர் தேங்காது. விழுவது விழுந்தபடி வடிந்துவிடும். பிள்ளை மூழ்கும் என்ற அச்சம் இல்லாததால் பெற்றோரின் கண் தளர்ந்து, கை தொலைபேசிக்குப் போய்விடுகிறது. பூங்காவோ வெறும் திடல் மட்டும் அல்ல. பிரிம்லி - லோரன்ஸ் சந்திக்குப் பக்கத்தில் உள்ள தொம்சன் மெமோரியல் பூங்கா மரங்களும் புல்வெளியும் நிறைந்த அருமையான இடம். அதற்குள்ளேயே ஹைலண்ட் ஆற்றின் கிளையும் ஓடுகிறது. ஸ்டீல்ஸ் - மக்கோவன் பக்கம் உள்ள மிலிக்கன் பூங்காவில் குளம் இருக்கிறது, குளத்தில் வாத்துகளும் இருக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளைக்கு வாத்தைக் காட்டிலும் பெரிய அழைப்பு ஏது? இப்படிப்பட்ட பூங்காக்களில் நீங்கள் உட்கார வேண்டிய இடம் திடலுக்கும் குளத்துக்கும் நடுவே. வாகனத் தரிப்பிடம் பக்கத்தில் இருந்தால் திடலுக்கும் தரிப்பிடத்துக்கும் நடுவே. நிழல் அங்கே இல்லையென்றாலும் அங்கேதான்.

நகர மையத்தில் பார்க்கத் தகுந்த திடல்கள் சில உண்டு. கோர்க்டவுன் கொமன் 2013இல் திறந்தது, மேட்டில் இருக்கிறது, காற்று நன்றாக வரும். ஏரிக்கரையோரம் ஷேர்போர்ன் கொமன் கோடையில் தண்ணீர்த் திடல், பனிக்காலத்தில் அதே தளம் பனிச்சறுக்கு அரங்கு. ஒன்ராறியோ கலைக்கூடத்துக்குப் பின்னால் உள்ள கிரேஞ்ச் பூங்காவில் ஹென்றி மூர் வடித்த பெரிய வெண்கலச் சிற்பம் நிற்கிறது. திடலில் நனைந்த பிள்ளைகள் அதன் துவாரங்களுக்குள் புகுந்து விளையாடுவார்கள். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் அங்கெல்லாம் கூட்டிப் போகலாம். கிழமைக்கு நாலு நாள் போவதற்கு உங்கள் தெருமுனைத் திடல்தான், அது எவ்வளவு வெறுமையாக இருந்தாலும்.

மாநகரம் நடத்தும் ஆழமில்லாக் குளங்கள் தனி வகை. கணுக்காலளவு, முழங்காலளவு தண்ணீர் கட்டிநிற்கும். அவற்றுக்குப் பொறுப்பாகப் பணியாளர் இருப்பார், நாள்தோறும் தண்ணீரை மாற்றுவார்கள், மழை பெய்தால் மூடிவிடுவார்கள், காலமும் நேரமும் குறைவு. ஸ்பிளாஷ் பாட்டில் பணியாளர் கிடையாது. அங்கே பிள்ளைக்குப் பொறுப்பு நீங்கள் மட்டும்தான். ஆழமில்லாக் குளத்தில் கட்டிநிற்கும் தண்ணீர் இருப்பதால், பணியாளர் இருந்தாலும் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு சாண் தண்ணீரே போதும் சின்னப் பிள்ளை மூழ்க.

எந்த நேரம்

வேலை நாளில் காலை ஒன்பதரைக்குப் போனால் திடல் உங்களுடையது. பதினொரு மணியளவில் கோடை முகாம் பிள்ளைகள் ஒரே நிறச் சட்டையில் வரிசையாக வந்துவிடுவார்கள். எட்டு வயதும் பத்து வயதுமாக அவர்கள் ஓடும் வேகத்தில் இரண்டு வயதுப் பிள்ளை தள்ளுப்பட்டு விழும். குற்றம் யாருடையதும் அல்ல, திடல் எல்லாருக்கும் பொது. அவர்கள் வரும்போது நீங்கள் புறப்படுவதே நல்லது. பிற்பகல் ஐந்துக்குப் பிறகு இன்னொரு நல்ல நேரம். வெய்யில் சாய்ந்திருக்கும், இரவுச் சாப்பாட்டுக்கு முன் களைத்துப்போய் வீடு திரும்பலாம், அன்றைக்குக் குளியலும் முடிந்த மாதிரி.

காலை 11 முதல் பிற்பகல் 3 வரை புற ஊதாக் கதிர் கடுமை. கனடாவில் வானிலை அறிக்கையோடு யூ.வி. குறியீடும் சொல்வார்கள், அது 3ஐ எட்டினாலே பாதுகாப்பு வேண்டும் என்பது பொது விதி. கோடை நடுவில் மதியம் அது 8, 9 என்று போகும். "நாங்கள் கறுப்புத் தோல்காரர், எங்களுக்கு வெய்யில் ஒன்றும் செய்யாது" என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் சொல்வார். நம் தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் காப்பு உண்டு என்பது உண்மை. பிள்ளையின் தோளும் மூக்கும் எரிந்து இரவு முழுக்க அழுவதைத் தடுக்க அது போதாது. எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சூரியக் காப்புக் களிம்பைப் புறப்படுமுன் பூசி, இரண்டு மணிநேரத்துக்கு ஒரு தடவையும் நனைந்து துடைத்த பிறகும் திரும்பப் பூச வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் களிம்பு வேண்டாம் என்பது கனடிய சுகாதாரத் துறையின் அறிவுரை. அந்த வயதுக் குழந்தைக்குத் திடலும் வேண்டாம் என்பேன். நிழலில் தள்ளுவண்டிக்குள் படுத்திருந்து அக்காமார் கத்துவதைக் கேட்டால் போதும்.

இடி கேட்டால் உடனே புறப்பட வேண்டும். இடி இடிக்கிறது என்று தண்ணீர் நிற்காது, யாரும் வந்து விசில் ஊதவும் மாட்டார்கள். மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகுதான் திரும்ப வரலாம். கோடை மழை ரொறன்ரோவில் பெரும்பாலும் மாலையில்தான் வருகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ரி.ரி.சி.யில் 12 வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. பெரியவர் பிரஸ்ரோ அட்டையைத் தட்டிய நேரத்திலிருந்து இரண்டு மணிநேரத்துக்குள் எத்தனை பஸ் ஏறினாலும், போன வழியிலேயே திரும்பி வந்தாலும், ஒரே கட்டணம்தான். போக இருபது நிமிடம், விளையாட ஒரு மணிநேரம், திரும்பும் பஸ்ஸில் நேரம் முடியுமுன் தட்டினால் போதும். முழுப் பயணத்துக்கும் ஒரு பெரியவரின் ஒற்றைக் கட்டணம். ஒரு மணிநேரத்துக்கு மேல் திடலில் நிற்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

திடலின் ஓரத்தில் இடுப்பளவுத் தூண் ஒன்று இருக்கும். அதன் தலையிலோ பக்கத்திலோ உள்ள பொத்தானைத் தொட்டால் தண்ணீர் வரும். சில நிமிடம் ஓடித் தானாக நிற்கும், திரும்பத் தொட வேண்டும். வறண்டு கிடக்கும் திடலைப் பார்த்து "இண்டைக்குப் பூட்டிப்போட்டாங்கள்" என்று பெற்றோர் திரும்பிப் போவதை ஒவ்வொரு கோடையும் காண்கிறேன். தூணைத் தொட்டுவிட்டுச் சில விநாடி பொறுங்கள். குழாயில் தண்ணீர் ஏற வேண்டும்.

தண்ணீர் வகையில் இரண்டு உண்டு. ஒன்றில் நகரக் குடிநீர்க் குழாயிலிருந்து வரும் தண்ணீர் ஒரு தடவை பாய்ந்து வடிகாலுக்குப் போய்விடும். மற்றதில் வடிந்த தண்ணீரை நிலத்தடித் தொட்டியில் சேர்த்து, வடிகட்டி, குளோரின் கலந்து, திரும்பத் திரும்பப் பாய்ச்சுவார்கள். ரொறன்ரோ மாநகரப் பூங்காத் திடல்களில் வழக்கமாகக் காண்பது முதல் வகை. குடிநீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருவதால் மே, ஜூன் மாதத்தில் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். ஓகஸ்டில்தான் அது உடம்புக்கு ஒத்துவரும். முதல் கிழமை பிள்ளை ஓடிவந்து உங்களைக் கட்டிப்பிடித்து அழுதால் அதற்குத் தண்ணீர் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது வகையைத் தனியார் கேளிக்கைப் பூங்காக்களிலும், எல்லை தாண்டி அமெரிக்காவில் சித்தி வீட்டுக்குப் போகும்போதும் சந்திப்பீர்கள். அங்கே கவனம் கூட வேண்டும். வயிற்றோட்டம் உள்ள ஒரு பிள்ளை திடலில் இருந்தால் அதிலிருந்து கழுவுப்படும் கிருமி தொட்டிக்குப் போய், எல்லாப் பிள்ளைகளின் வாய்க்கும் திரும்பி வருகிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, சரியான அளவு குளோரின் உள்ள தண்ணீரிலும் ஏழு நாளுக்கு மேல் உயிரோடு இருக்கக்கூடியது. 2005இல் நியூயோர்க் மாநிலத்தின் செனெகா ஏரிப் பூங்காவில் இருந்த தண்ணீர்த் திடலால் ஆயிரக்கணக்கானோர் நோய்ப்பட்டார்கள். அதன் பிறகு அந்த மாநிலம் இப்படிப்பட்ட திடல்களின் தண்ணீரைப் புற ஊதாக் கதிராலும் சுத்திகரிக்க வேண்டும் என்று விதி செய்தது. 1997 முதல் 2022 வரை அமெரிக்காவில் தண்ணீர்த் திடல்களோடு தொடர்புடைய 60 நோய்ப் பரவல்கள் பதிவாகின என்றும், நோயுற்றோர் 10,611 பேர் என்றும் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் தொகுத்திருக்கிறது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் இதே ஒட்டுண்ணி.

இதை எழுதியது உங்களைப் பயமுறுத்த அல்ல. குடிநீர் நேரடியாகப் பாயும் திடலில் இந்த ஆபத்து மிகவும் குறைவு. ஆனால் திடல் எந்த வகை என்று பிள்ளைக்குத் தெரியாது. பழக்கம் ஒன்றாக இருந்தால் எங்கே போனாலும் காக்கும். திடல் தண்ணீரை வாயில் எடுக்கக் கூடாது. நிலத்திலிருந்து பீறிடும் நீர்முனையின் மேல் உட்காரக் கூடாது. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்த விளையாட்டு, அழுக்கு கழுவுப்படுவதும் இப்படித்தான். வயிற்றோட்டம் இருந்தால் போகக் கூடாது. கிரிப்டோ என்று மருத்துவர் உறுதிசெய்திருந்தால் வயிற்றோட்டம் நின்று இரண்டு கிழமை வரை எந்தப் பொதுத் தண்ணீருக்கும் போகக் கூடாது. நீச்சல் டயப்பர் கட்டியாயிற்று என்று இந்த விதியைத் தளர்த்த வேண்டாம். அது கட்டியான மலத்தைக் கொஞ்ச நேரம் தாங்கும், தண்ணீராகப் போவதைத் தாங்காது. சாதாரண டயப்பரோ தண்ணீரைக் குடித்து ஊதி, பிள்ளையை நடக்கவிடாமல் செய்து, கடைசியில் வெடித்து வெள்ளைக் களியாகத் திடல் முழுக்கச் சிந்தும். டயப்பர் மாற்றுவது திடலின் ஓரத்தில் வேண்டாம், தள்ளிப் போய் மாற்றுங்கள்.

பையில் என்ன

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை எந்நேரமும் தயாராகத் தொங்கினால் நீங்கள் அடிக்கடி போவீர்கள். ஒவ்வொரு தடவையும் அலுமாரியைக் கிளற வேண்டியிருந்தால் போக மாட்டீர்கள். ஆளுக்கொரு துவாய், மாற்றுடுப்பு, தொப்பி, களிம்பு, குடிதண்ணீர், நனைந்ததைப் போட ஒரு பிளாஸ்ரிக் பை, சின்னக் காயத்துக்குப் பிளாஸ்ரர் இரண்டு மூன்று. அவ்வளவுதான்.

உடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பருத்திச் சட்டை நனைந்தால் பாரமாகி உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரவைக்கும். நீளக் கை வைத்த நீச்சல் சட்டை கெதியில் காயும், வெய்யிலையும் தடுக்கும், களிம்பு பூச வேண்டிய இடமும் குறையும். நிறம் கண்ணைப் பறிப்பதாக இருக்கட்டும். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே, தண்ணீர்த் திரைக்குள்ளே, நீலச் சட்டைப் பிள்ளையைத் தேடுவது லேசில்லை. செம்மஞ்சள் சட்டை தூரத்திலேயே தெரியும்.

காலுக்குக் குதிப்பட்டி வைத்த தண்ணீர்ச் சப்பாத்து நல்லது. வெறுங்காலோடு விடுகிறவர்கள் உண்டு, திடலுக்குள் அது பரவாயில்லை. ஆனால் பக்கத்தில் விளையாட்டுத் திடல் இருந்தால் அங்கே விரித்திருக்கும் கறுப்பு ரப்பர்த் தளம் மதிய வெய்யிலில் உள்ளங்காலைச் சுட்டுவிடும். நனைந்த உடம்போடு சறுக்கியில் ஏறும் பிள்ளை வழக்கத்தைவிடக் கூடிய வேகத்தில் வந்து விழும் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

சாப்பாடு எளிமையாக இருக்கட்டும். ஓகஸ்டுக்குப் பிறகு இனிப்புக்குக் குளவி வரும். திறந்த ஜூஸ் ரின்னுக்குள் குளவி புகுந்திருப்பது வெளியே தெரியாது. மூடியுள்ள போத்தலில் தண்ணீர் போதும். வெட்டிய வத்தகப்பழத்தை மூடிய டப்பாவில் கொண்டுபோய், புறப்படும் நேரத்தில் கொடுத்து, தோலைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். தண்ணீர் விளையாட்டு பிள்ளைகளைப் பசியில் கொன்றுவிடும். வீட்டில் சோறும் பருப்பும் தயாராக இருந்தால் அன்றைக்கு யாரையும் கெஞ்சி ஊட்ட வேண்டியதில்லை.

எண்ணெய், நகை, அம்மம்மா

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மா பேரப்பிள்ளையின் தலையிலும் உடம்பிலும் நல்லெண்ணெய் பூசித்தான் தண்ணீருக்கு அனுப்புவார். குளியலறையில் அது சரி. சீமெந்துத் தளத்தில் எண்ணெய்க் கால் வழுக்கும், அந்தப் பிள்ளைக்கு மட்டுமல்ல, பின்னால் ஓடிவருகிற பிள்ளைக்கும். களிம்பும் எண்ணெய்க்கு மேல் ஒழுங்காகப் பிடிக்காது. எண்ணெய் வீடு திரும்பிய பிறகு என்று சமாதானம் செய்துகொள்ளுங்கள்.

பஞ்சாயுதம் கோத்த சங்கிலி, காப்பு, கொலுசு, எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வடிகால் கம்பிக்குள் விழுந்தது பொன்னென்றாலும் போனதுதான். சங்கிலி நீர்முனைத் தூணில் சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து. அரைஞாணைக் கழற்ற அம்மம்மா விடமாட்டார். அது உடுப்புக்குள் அடங்கியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அவருடைய பெரிய முறைப்பாடு தடிமன். நனைவதால் தடிமன் வருவதில்லை, வைரஸால்தான் வருகிறது என்று நீங்கள் எத்தனை தடவை சொன்னாலும் அவர் கேட்கப் போவதில்லை. விவாதத்தை விடுங்கள், ஏனென்றால் அவர் பாதி சரி. சின்ன உடம்பு பெரிய உடம்பைவிட வெகு கெதியில் சூட்டை இழக்கிறது. உதடு நிறம் மாறினாலோ, பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாலோ உடனே வெளியே எடுத்து, நனைந்ததை முழுதாகக் கழற்றி, துடைத்து, காய்ந்த உடுப்புப் போட்டு வெய்யிலில் வைத்திருங்கள். நனைந்த உடுப்போடு குளிரூட்டிய பஸ்ஸில் ஏற்றாதீர்கள். இந்தக் கண்காணிப்பு வேலையை அம்மம்மாவிடமே ஒப்படைத்தால் அவரைப்போல் யாரும் செய்ய மாட்டார்கள். அவரும் அடுத்த தடவை தானே துவாயோடு முன்னுக்கு நிற்பார். அவருக்கு மடக்குக் கதிரை ஒன்றும், நனைந்தாலும் பாதகமில்லாத உடுப்பும் அவசியம். பேரன் ஓடிவந்து கட்டிப்பிடிக்காமல் விடமாட்டான்.

திடலுக்குள்ளே

முதல் நாள் பல பிள்ளைகள் இறங்கவே மாட்டார்கள். தண்ணீரின் சத்தம், திடீரெனப் பீறிடும் ஊற்று, தலைக்கு மேல் நிறைந்து கவிழும் பெரிய வாளி, இவற்றில் ஏதோ ஒன்று போதும். தூக்கிக்கொண்டு உள்ளே ஓடாதீர்கள். ஓரத்தில் தண்ணீர் மெல்லிதாக வழிந்தோடும் இடம் இருக்கும். அங்கே உட்கார்ந்து ஒரு பிளாஸ்ரிக் கோப்பையைக் கையில் கொடுங்கள். கோப்பையில் அள்ளுவதும் ஊற்றுவதுமே அன்றைய முழு விளையாட்டாக முடிந்தாலும் நஷ்டமில்லை. கிட்ட இருக்கும் திடலில் இதுதான் வசதி: நாளைக்கும் வரலாம். தொலைவில் இருந்து வந்தவர்தான் "இவ்வளவு தூரம் வந்து இறங்காமல் நிற்கிறாயே" என்று பிள்ளையைத் தள்ளிவிடுவார்.

தவழும் குழந்தைக்கு நிலத்து ஊற்றுகள் சரியாக முகத்தில் அடிக்கும். எந்தத் துவாரத்திலிருந்து எப்போது வரும் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தாழ்ந்த ஊற்றுகளின் பக்கம் இருத்துங்கள். நீங்களும் கால் நனைய அதன் கூடவே இருக்க வேண்டும். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு மோதல்தான் பெரிய ஆபத்து. தண்ணீர் கண்ணில் அடிக்கும்போது பெரிய பிள்ளைகள் முன்னால் பார்க்காமல் ஓடுவார்கள். நடுவில் விடாமல் கரையோரமாகப் பழக்குங்கள்.

பொத்தானுக்குச் சண்டை வரும். எந்த மொழிப் பிள்ளையும் எந்த நாட்டுப் பிள்ளையும் அந்தத் தூணுக்கு முன்னால் ஒரே மாதிரித்தான். உங்கள் பிள்ளை அழுத்தியாயிற்று என்றால் அடுத்த முறை மற்றப் பிள்ளைக்கு என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால் எதிரில் நிற்கும் பெற்றோரும் இறங்கி வருவார்கள். கொண்டுபோகும் வாளிகளும் கோப்பைகளும் பொதுச் சொத்தாகிவிடும், அதனால் தொலைந்தால் கவலைப்படாதவற்றைக் கொண்டுபோங்கள். தண்ணீர்த் துப்பாக்கி வேண்டாம். படம் எடுக்கும்போது மற்றப் பிள்ளைகள் நீச்சலுடையில் பின்னால் நிற்பார்கள். அந்தப் படத்தை முகநூலில் போடாதீர்கள்.

இனி, இந்த அத்தியாயத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி: எப்படி வீட்டுக்குக் கூட்டி வருவது. "இன்னும் ஐந்து நிமிடம்" என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கு அர்த்தமில்லாத பேச்சு. திடலில் ஒரு மணிக்கூடு தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வரும், நிற்கும், வரும், நிற்கும். பிள்ளைக்கு அது கண்ணால் தெரிகிறது. "இன்னும் ரெண்டு தரம் தண்ணி வந்து நிக்கும், பிறகு வீட்டை போவம்" என்று சொல்லுங்கள். கடைசித் தடவை பொத்தானை உங்கள் பிள்ளையே அழுத்தட்டும். தண்ணீர் நிற்கும்போது துவாயை விரித்தபடி அங்கேயே நில்லுங்கள். நின்ற தண்ணீரோடு யாரும் வாதாட முடியாது. அதற்குள் வேறு பிள்ளை வந்து அழுத்திவிட்டால் காரியம் கெட்டுவிடும், ஆகவே நின்ற அடுத்த விநாடியே துவாயால் சுற்றித் தூக்கிவிட வேண்டும். இதை ஒரு நாள் தவறாமல் செய்தால் மறுநாள் பாதி அழுகைதான் இருக்கும். "சரி, இன்னொரு தரம்" என்று ஒரே ஒரு நாள் இளகினாலும் அந்தக் கோடை முழுக்க அதற்கு வரி கட்டுவீர்கள்.

பிறந்தநாளும் பழுதும்

திடலருகே பிறந்தநாள் கொண்டாட ஆசைப்படுவோர் 25 பேருக்கு மேல் கூடுவதானால் மாநகரத்திடம் அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி உங்களுக்குக் கிடைப்பது புல்வெளியில் ஓர் இடத்துக்கு, திடலுக்கு அல்ல; கேக் வெட்டும் நேரத்தில் அயல் பிள்ளைகளை விலகச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. பலூன் கட்டினால் ஒரு துண்டு ரப்பர்கூட விடாமல் பொறுக்கி எடுங்கள். தவழும் குழந்தை அதை வாயில் போடும்.

தூணைத் தொட்டும் தண்ணீர் வரவில்லை, வடிகால் அடைத்துத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, கண்ணாடி உடைந்து கிடக்கிறது, ஒரு நீர்முனை உடைந்து கூர்மையாக நிற்கிறது என்றால் மாநகரச் சேவை எண்ணான 311ஐ அழையுங்கள். தமிழில் பேச வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பூங்காவின் பெயர், கிட்ட உள்ள இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடம், பழுது எந்தப் பக்கம் என்று மூன்றையும் சொல்லி, அவர்கள் தரும் முறைப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசி வெய்யில் என்றால் வெள்ளிக்கிழமை காலையிலேயே அழைத்துவிடுங்கள். சனிக்கிழமை வரை பொறுத்தால் திருத்த ஆள் வருவதற்குள் வெய்யில் போய்விடும். தண்ணீர் தேங்கி நிற்கும் திடலில் மட்டும் அன்றைக்குப் பிள்ளையை இறக்காதீர்கள், அடுத்த பூங்காவுக்குப் போங்கள்.